யாரும் கடிக்காத பேய்

ஏங்க,

சாவி செல்லாயி அக்கா வீட்டுல இருக்கு. பானையில மரவள்ளிக்கிழங்கு அவிச்சு வச்சிருக்கேன், கருவாட்டுச் சம்பல் உறியில தொங்குது. தொண்டையில இறங்குனா சாப்பிடுங்க.

நானும் பாப்பாவும் இனி தோட்டத்துக் கூலியாளுங்க இருக்கிற லயத்துல அண்ணி கூடத்தான் இருப்போம். போனவங்க திரும்பி வராத சயாம் ரயில் வேலைக்கு ஜப்பான்காரன் ஆள் பிடிக்கிற லிஸ்டுல என் அண்ணன் பேரை எழுதினது நீங்கதான்னு, நேத்து லாரியில ஏத்தும்போதுதான் எனக்குத் தெரிஞ்சுது. சொந்த மச்சானையே எழுதிட்டாரு, கணக்கெழுதுறதுல நேர்மையான தோட்டத்துக் கிராணின்னு நாலு பேரு சொல்லணும், அதானே? நல்லா சொல்லட்டும்!

இன்னிக்குப் பாப்பாவுக்குப் பொறந்தநாள். உங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கப்போவுது! லயத்துப் பிள்ளைங்களைக் கூப்பிட்டு, மரவள்ளி மாவுல பேய்க் கொழுக்கட்டை செஞ்சோம். லாரியைப் பார்த்ததுலேருந்து எல்லாம் மிரண்டு கெடக்குதுங்க. பேயைக் கடிச்சுத் தின்னா பயம் போயிடும்னு சொல்லி, அதுங்க கையாலேயே உருட்டவிட்டேன். வவ்வால், கொள்ளிவாய்ப் பிசாசு, தலைவிரி மோகினி எல்லாத்தையும் சிரிச்சுச் சிரிச்சுத் தின்னு தீர்த்துடுச்சுங்க.

ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். இட்டிலிச் சட்டியில மூடி வச்சிருக்கேன். உங்களுக்குத்தான்.

மருதம்மாள்

எழுத மறந்துட்டேன். அதைச் செஞ்சது அண்ணன் பிள்ளைங்க இல்ல, நம்ம பாப்பாதான். தலையில தொப்பி, காதுல பென்சில், கையில லிஸ்டு. அதைக் கடிக்க மட்டும் ஒரு பிள்ளைக்கும் துணிச்சல் வரல.