கான்கிரீட் போட்ட நாள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். அண்ணிக்கு இருமல் விட்டுவிட்டது. உன் சின்னவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரிக்கச் சொன்னால் வாயைப் பொத்திக்கொள்கிறான். போனில் பேசலாம்தான், ஆனால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் கடிதம்.

பள்ளிக்கூடத்துப் புது வகுப்பறை வேலையைக் கண்காணிக்க ஊர்க்குழு ஒன்று அமைத்தார்கள் என்று சொன்னேன் அல்லவா? ஐந்து பேர். டிகிரி படித்தவள் நான் ஒருத்திதான் என்று என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும். எழுதுகிற வேலைதானே என்று ஒப்புக்கொண்டேன். சிமெண்ட் வந்த தேதி, மணலில் எவ்வளவு மண் என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். குழுவில் இருக்கும் தையற்காரர் மாமா தன் இஞ்சு டேப்பையே கொண்டுவந்து சுவரை அளந்தார். "கட்டடத்துக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்று காண்டிராக்டர் கேட்டதற்கு, "இல்லப்பா, நீ துணியில எவ்வளவு அடிச்சிருக்கேன்னு பாக்குறேன். எங்க தொழில்லயும் அது உண்டு" என்றார் மாமா. அன்று எல்லோரும் சிரித்தோம்.

கூரைக்குக் கம்பி கட்டி முடித்ததும் குழு வந்து பார்க்க வேண்டும். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கான்கிரீட் போடலாம் என்பது விதி. கம்பி கட்டியது நம் அப்பாதான். ஒரு நாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே, "அரை அடிக்கு ஒரு கம்பின்னு வரைபடத்துல இருக்கு. ஒரு அடிக்கு ஒண்ணு கட்டச் சொல்றாங்கம்மா" என்றார். மீதிக் கம்பி காண்டிராக்டர் வீட்டு மாடிக்குப் போவது ஊருக்கே தெரியும். "நாங்க வந்து அளந்து நிறுத்திடுறோம், நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்பா" என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தேன்.

மறுநாளே ஒன்றிய அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. கண்காணிப்புக் குழுவுக்கு ஒரு நாள் பயிற்சியாம். கம்பிகளுக்கு நடுவே இடைவெளியை எப்படி அளப்பது என்று படம் போட்டுக் காட்டினார்கள். தேநீர் கொடுத்தார்கள், ஆளுக்கொரு தொப்பி கொடுத்தார்கள். வருகைப் பதிவு என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார்கள்; தாளில் தலைப்பு எதுவும் இல்லை. செயலாளர் என்று முதல் கையெழுத்து நான்தான் போட்டேன். என்னைப் பார்த்து மற்ற நால்வரும் போட்டார்கள். மாலையில் திரும்பி வந்தால், கூரைக்குக் கான்கிரீட் போட்டு முடித்துக் கலவை இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

மனு கொடுத்தோம். விசாரணைக்கு வந்த அதிகாரி பள்ளி மைதானத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். இருநூறு பேர் முன்னால் எழுந்து நின்று நோட்டைப் படித்தேன் அண்ணா. ஒரு வரி விடாமல் முழுவதும் படித்தேன். அவர் கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். மேலே 'கம்பி சரிபார்க்கப்பட்டது' என்று அச்சாகியிருந்தது. "இது உன் கையெழுத்துதானேம்மா?" என்றார். ஆமாம் என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. பிறகு அப்பாவைக் கூப்பிட்டு, அரை அடிக்கு ஒன்றாகத்தானே கட்டினாய் என்று கேட்டார். காண்டிராக்டர் மேசைக்குப் பின்னால் நின்றிருந்தார். "ஆமாங்கய்யா" என்றார் அப்பா.

அப்பாவை நீ எதுவும் கேட்காதே. இங்கே கம்பி வேலை கொடுக்க அந்தக் காண்டிராக்டர் ஒருவர்தான் இருக்கிறார். நான் மறுபடியும் எழுதிப் போட்டேன்; முடிந்துபோன விசாரணை என்று ஒரு வரியில் பதில் வந்தது. "விடும்மா, கையெழுத்துப் போட்டது நாமதானே" என்கிறார் தையற்காரர் மாமா. குழு இப்போது கூடுவதில்லை.

திங்கட்கிழமை முதல் இரண்டாம் வகுப்பு புது அறையில் நடக்கிறது. அப்பா தினமும் சின்னவனைத் தானே கொண்டுபோய் விடுகிறார். வாசலை ஒட்டித்தான் உட்கார வேண்டும், மேலே ஏதாவது சத்தம் கேட்டால் டீச்சரிடம்கூடக் கேட்காமல் வெளியே ஓடிவிட வேண்டும், இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று தாத்தா சொல்லியிருக்கிறாராம். நேற்று என்னிடம் ரகசியமாகச் சொன்னான்.

அண்ணியையும் அவனையும் உன்னோடு அழைத்துக்கொள்ள முடியுமா? ஒரே அறையில் நாலு பேர் தங்கியிருக்கிறீர்கள் என்று தெரியும். எப்படியாவது மழைக்காலத்துக்கு முன்னால் ஏற்பாடு செய். மற்ற பிள்ளைகள் அறுபது பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக யாருக்கு எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ படுத்துத் தூங்கும் கூரையாவது உறுதியாக இருக்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கை