கோழிக்கூண்டிலிருந்து வந்த பலகைகள்

அன்பு மகளே,

சிட்னியில் சட்டமன்ற உறுப்பினராக இருந்த நீ இந்தத் தேர்தலில் தோற்றபின், உன் படம் போட்ட பலகைகளை ஊரார் கோழிக்கூண்டுக்குக் கூரையாக்கிக்கொண்டார்கள் அல்லவா? நேற்று எல்லாவற்றையும் திரும்ப வாங்கிவிட்டேன். பக்கத்து வீட்டு நோலீன்தான் மல்லுக்கு நின்றாள்.

“யோவ், உன் பொண்ணு மொகத்தப் பாத்தாத்தான் என் கோழி முட்ட போடுது.”

“நகரசபைக்கு நிக்க வைக்கப் போறேன்.”

“அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? எடுத்துட்டுப் போ. சட்டசபையில நம்ம ஊரு பேரச் சொன்னவ அவ ஒருத்திதான்.”

‘சட்டமன்றம்’ என்பதை வெள்ளையடித்து மறைத்து, ‘நகரசபை’ என்று நானே எழுதினேன். ஒரு பலகைக்கு அரைமணி ஆயிற்று. இந்த வயதில் முதியோர் வகுப்பில் எழுதப் படித்தது வீண்போகவில்லை.

இனி அரசியலே வேண்டாம் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. ஆனாலும் பலகைகளை ஊர் வேலிகளிலெல்லாம் மாட்டிவிட்டேன். சிட்னியில் அடைந்து கிடக்காதே. வெள்ளிக்கிழமைக்குள் ஊருக்கு வந்து வேட்புமனு கொடு.

ஒரு பலகையில் மழை உன் பெயரை அழித்திருந்தது. அதையும் எழுதினேன். நான் வைத்த பெயரை என் கையால் எழுதியது இதுவே முதல் முறை.

உன் வரவுக்கு வாசலைத் திறந்து வைத்திருக்கும்
அப்பா