கறுப்பு வண்டிக்கு நாலாவது பாலிஷ்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம். போன நாலைந்து கடிதத்திலும் இதையேதான் எழுதினேன், அப்போது அது முக்கால்வாசிதான் உண்மை, இந்தத் தடவை முழுசும் உண்மை, நம்பிப் படி. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, புது ஆபீசில் அந்த மேனேஜர் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறாரா என்று எழுது. இதையெல்லாம் போனிலேயே கேட்கலாமே என்பாய். கேட்கலாம், ஆனால் நான் சொல்லப்போகிற விஷயத்தைப் போனில் சொன்னால் நீ நடுவில் பாய்ந்து பேசுவாய், நான் பாதியில் நிறுத்திவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுவேன். கடிதம் என்றால் நான் முடிக்கிறவரை உனக்கு வாய் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நான் பேசாமலே உட்கார்ந்திருந்தேன், லைன் போயிடுச்சா லைன் போயிடுச்சா என்று நீ மூன்று தரம் கேட்டாய். ஏன் பேசவில்லை என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முதலில் உன் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும், வண்டியைச் சொன்னால்தான் என்னைச் சொல்ல முடியும். நீயும் உட்கார்ந்துகொண்டு படி.

உன் வண்டியை நான் கெடுத்துவிட்டேன். பதறாதே, முழுசும் இல்லை, பானெட்டில் ஒரு உள்ளங்கை அகலம். எப்படி ஆயிற்று என்றால், பல் டாக்டர் வீட்டு மரத்தடியில் ஆறு வருஷம் நின்ற வண்டியை நீ போன லீவில் ஆசை ஆசையாக வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினாயே, ஸ்கூலில் படிக்கும்போது பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவைத்திருந்த படத்தில் இருக்கிற அதே வண்டி, அதே இரண்டே சீட்டுக் கார். எஞ்சினை மெக்கானிக் உயிர்ப்பித்துக் கொடுத்துவிட்டார், நீயும் தெருவை மூன்று சுற்று சுற்றிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டாய். பெயின்ட் அப்படியே கிடந்தது. கறுப்பு என்று பேர்தான், அடுப்புச் சாம்பலைக் கரைத்துப் பூசின மாதிரி இருந்தது, கூரையில் பறவை எச்சம் அரித்த தழும்பு, பின்பக்கம் மரப்பிசின், பக்கவாட்டில் யாரோ அழுக்குத் துணியால் துடைத்துத் துடைத்துப் போட்ட சுழிக் கீறல்கள். டாக்ஸியில் ஏறும்போது நீ என்ன சொன்னாய், "அப்பா, பெயின்ட் வேலையைத் தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க, நீங்க கை வைக்காதீங்க" என்றாய். நான் தலையாட்டினேன். தலையாட்டினது வாஸ்தவம்தான். ஆனால் முப்பத்தொரு வருஷம் பாட்டில் தொழிற்சாலையில் வெள்ளை விளக்குத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, ஓடுகிற பாட்டிலில் மயிரிழை விரிசலைப் பார்த்துத் தட்டிவிட்டவன் நான். என்னைப் பார்த்துக் கை வைக்காதே என்றால் ரோஷம் வருமா வராதா, நீயே சொல்.

தெருமுனையில் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிறவர் ஒருவர் இருக்கிறார் இல்லையா, அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நிதானம் என்றுதான் கூப்பிடுவது. ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நமக்குக் கொட்டாவி வந்துவிடும். அவரிடம்தான் பாலிஷ் மெஷினை இரவல் வாங்கினேன். மனுஷர் ஒரு நாள் முழுக்க வீட்டு ஷெட்டில் நின்று சொல்லிக்கொடுத்தார். இரண்டு வாளி வைத்துக் கழுவ வேண்டும், ஒன்று சோப்புக்கு, ஒன்று துணியை அலசுவதற்கு. அப்புறம் களிமண் உருண்டை மாதிரி ஒன்றைத் தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் பிசின், தூசி எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது, தடவிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி வழுக்குகிறது. ஓரங்களில் டேப் ஒட்டிவிட்டுப் பிறகுதான் மெஷின். கீறல் போய்விட்டதா என்று பார்க்க, மேலே தொங்குகிற பல்பின் பிம்பத்தைக் கறுப்பில் பார்க்க வேண்டுமாம். கீறல் இருந்தால் வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வட்டம் தெரியும், வட்டம் போய்விட்டால் வேலை முடிந்தது. கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார், "சார், கறுப்புக்கு மேல தெளிவா ஒரு பூச்சு இருக்கு, காகித கனம்கூட கிடையாது. தேய்க்கத் தேய்க்க அது கொஞ்சம் கொஞ்சமா போகும். ரெண்டு தடவை, அதுக்கு மேல வேணாம்."

சுற்றிலும் இரண்டு தடவை முடிக்க எனக்குப் பதினெட்டு நாள் ஆயிற்று. அம்மா வந்து பார்த்துவிட்டு, "அட, முகம் தெரியுதே, நான் இங்கேயே தலை வாரிக்கலாம் போலிருக்கே" என்றாள். எனக்கு மட்டும் வட்டம் போகவில்லை பாப்பா. பல்பின் பிம்பத்தைச் சுற்றி அது பாட்டுக்கு இருந்தது. அம்மாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன், என் திமிரைப் பார். பானெட்டில் மூன்றாவது தடவை போட்டேன், போகவில்லை. நாலாவது தடவை போட்டேன். மெஷினில் மாட்டுகிற பஞ்சுத் தட்டு கன்னங்கரேல் என்று ஆயிற்று. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், ஆறு வருஷ அழுக்கு இப்போதுதான் வெளியே வருகிறது என்று. அம்மாவைக் கூப்பிட்டு வேறு காட்டினேன்.

மறுநாள் மெஷினைத் திருப்பி வாங்க நிதானம் வந்தார். கழுவியும் கறுப்பு போகாமல் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அந்தப் பஞ்சுத் தட்டை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பானெட்டைப் பார்த்தார். "சார், இது அழுக்கு இல்ல, இது வண்டியோட நிறம்" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வட்டம் போகவில்லை, நீர் சொல்லிக்கொடுத்த லட்சணம் அப்படி, கதவைப் பாரும் அதிலும் இருக்கிறது என்று கத்தினேன். அவர் கதவு கதவாகக் குனிந்து பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், அவசரமே படவில்லை. பிறகு நிமிர்ந்து, "சார், வண்டியை விட்டுடுங்க. அதோ மேல இருக்கிற பல்பைப் பாருங்க. அதைச் சுத்தி வட்டம் இருக்கா?" என்று கேட்டார். நிமிர்ந்து பார்த்தேன். இருந்தது. அவர் மெஷினின் ஒயரை மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தார். அம்மா டீயோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அம்மா பேசாமல் நின்றால் என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவளுக்கு முன்னமே தெரியுமாம். மூன்று மாதமாக ஸ்கூட்டர் சாவியைக் காணோம் என்று வீட்டையே தலைகீழாகப் புரட்டினேனே, அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்திருந்தவள் அவள்தான். டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றுவேன், அவள் துடைத்துவிட்டுப் போய்விடுவாள். பஸ் வந்தால் போர்டைப் படிக்காமல் பக்கத்தில் நிற்கிறவரை எங்கே போகுது என்று கேட்பேன், அதையும் கவனித்திருக்கிறாள். நேரடியாகச் சொன்னால் நான் குதிப்பேன் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாளாம். குதித்திருப்பேன்தான். ஏன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன், எனக்குப் பயம் பாப்பா. தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் ஒரு நாள் விரிசல் விட்ட பாட்டிலைக் கவனிக்காமல் அனுப்பிவிட்டார், கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், அடுத்த வாரம் அந்த நாற்காலியில் வேறு ஆள். கண் போனால் ஆளே வேண்டாம் என்று அன்றைக்கு என் மனசில் பதிந்துவிட்டது. உன்னிடம் சொன்னால் நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாய், இல்லாவிட்டால் எங்களை மூட்டை கட்டச் சொல்லுவாய். அதைவிட, ஆபரேஷன் என்று படுத்து, இருக்கிற வெளிச்சமும் போய்விட்டால் என்ன செய்வது என்று பயம். வேறு ஒன்றும் இல்லை.

நிதானம் போனதும் அம்மா ஒன்றுதான் சொன்னாள், "நாளைக்குக் காலையில கிளம்புறோம். சட்டையை இஸ்திரி போட்டு வைக்கிறேன்" என்றாள். கண் டாக்டர் உன் வயசுப் பெண். இரண்டு கண்ணிலும் புரை, வந்து இரண்டு வருஷமாவது இருக்கும் என்று சொன்னார். என்ன வேலை பார்த்தீங்க என்று கேட்டார், சொன்னேன், சிரிக்கவில்லை, நல்ல பெண். சுவரில் இருந்த எழுத்துகளில் எனக்கு இரண்டாவது வரிக்கு மேல் தெரியவில்லை. முதலில் வலது கண்ணில் ஆபரேஷன், கால் மணி நேரம்கூட ஆகவில்லை, நான் பயந்த பயத்துக்கு அது ரொம்பச் சின்ன வேலை, கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இன்றோடு இருபத்தாறு நாள். மூன்று ஞாயிற்றுக்கிழமையாக அம்மா போன் கேமரா கெட்டுப்போச்சு என்று சொன்னாளே, அது சுத்தப் புளுகு. கறுப்புக் கண்ணாடியோடு நான் வந்து உட்கார்ந்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று அவள் செய்த ஏற்பாடு. அவளைத் திட்டாதே, என்னைத் திட்டு.

கட்டுப் பிரித்து ஒரு வாரம் கழித்து ஷெட்டுக்குப் போனேன், எதையும் தொடக் கூடாது என்று உத்தரவு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பரிசோதகர் மாதிரிதான் போனேன். கதவில் பல்பு தெரிந்தது பாப்பா, உருண்டையாக, அதைச் சுற்றி ஒன்றுமே இல்லை. அந்தக் கறுப்பு எத்தனை ஆழமான கறுப்பு தெரியுமா, கை விட்டால் உள்ளே போய்விடும் போல் இருந்தது. நான்தான் தேய்த்தேன் என்று யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. அப்போது கதவின் பளபளப்புக்குள் எனக்குப் பின்னால் தலை நரைத்த அம்மாள் ஒருத்தி வந்து நின்றாள். திரும்பிப் பார்த்தால் உன் அம்மா. என்ன இது, எப்போது இத்தனை நரைத்தது என்று கேட்டுவிட்டேன். "தலைக்கு மை போடுறதை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆகுது. நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே, சரி, மனுஷன் பெருந்தன்மையா விட்டுட்டாருன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். இரண்டு பேரும் சிரித்துத் தீர்த்தோம், அப்புறம் அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பானெட்டையும் பார்த்தேன். நடுவில் என் கைவரிசை, மங்கலாக, ஓரம் பிய்ந்த தாள் மாதிரி. பானெட்டுக்கு மட்டும் மறுபடி அடித்துக் கொடுக்கிறேன், மற்ற இடத்தோடு ஒட்டிப்போகும், வித்தியாசம் தெரியாது என்று நிதானம் சொல்லியிருக்கிறார். நீ வருவதற்குள் ஆகிவிடும், அவர் வேகத்துக்கு இன்றைக்கே சொல்லிவைத்துவிட்டேன். மற்றபடி கதவு, கூரை, பின்பக்கம் எதிலும் நீ குறை சொல்ல முடியாது, சொல்லிப் பார்.

இடது கண்ணுக்கு அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி. அதற்காக லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே, வருஷக் கடைசியில் வருவதாகச் சொன்னாயே, அப்போது வந்தால் போதும். வண்டியில் தனக்கு சீட்டே இல்லையே என்று நீ வாங்கின நாளிலிருந்து அம்மா முனகிக்கொண்டிருக்கிறாள். நான் யோசித்துவிட்டேன், முதல் சுற்று நீயும் அம்மாவும் ஏறிப் போங்கள். நான் வாசலில் நிற்கிறேன். தெருமுனை வரைக்கும் எனக்குத் தெரியும் இப்போது.

இனி ஞாயிற்றுக்கிழமை விஷயம். இரண்டு வருஷமாக ஒவ்வொரு வாரமும் வீடியோவில் உன்னைப் பார்த்ததும் இளைச்சுப் போயிட்டியே என்று சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா, அதெல்லாம் குத்துமதிப்பு. அப்பா என்றால் அப்படித்தானே சொல்ல வேண்டும் என்று சொன்னேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வெளிச்சமும், அதில் அசைகிற ஏதோ ஒன்றும், உன் குரலும்தான். போன லீவில் நீ பத்து நாள் இந்த வீட்டில் இருந்தாயே, அப்போதும் அப்படித்தான். போன ஞாயிற்றுக்கிழமை இடது கையால் இடது கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், தலைவலியா என்றுகூடக் கேட்டாய். வலது கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும் என்று மூடினேன். நீ இளைக்கவே இல்லை பாப்பா, நன்றாகப் பூசின மாதிரி இருக்கிறாய். மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறாய், எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியாது. நீ சைக்கிள் பழகும்போது நான் சீட்டை விட்டுவிட்டேனே, இடது புருவத்தில் அந்தத் தழும்பு அப்படியே இருக்கிறது. நீ பேசுவதற்கு முன்னால் கீழ் உதட்டைக் கடிக்கிறாய், உன் அம்மா மாதிரி. லைன் போகவில்லை. உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பேசினால் அழுதுவிடுவேன், கண்ணில் தண்ணீர் விடக் கூடாதோ என்னவோ என்று வேறு பயம்.

நீ நோய்நொடி இல்லாமல், நினைத்தது நினைத்தபடி நடந்து, நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் மனசார ஆசீர்வதிக்கிறோம். கோபம் இருந்தால் இரண்டு நாள் வைத்துக்கொள், மூன்றாவது நாள் பதில் எழுது. எழுத்து கோணலாக இருந்தால் படிப்பதற்குப் புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை என்று அர்த்தம், வேறு ஒன்றும் கற்பனை பண்ணிக்கொள்ளாதே. ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறாய், முகம் இருட்டிப்போகிறது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்.

இப்படிக்கு,
உன் அப்பா