வாரிசுகள், பிறந்த வரிசைப்படி

அப்வில், லூசியானா
9 மே 1996

திருமதி எர்லின் பெல்லார் அவர்களுக்கு,

வணக்கம். நாம் சந்தித்ததில்லை. நான் காலமான க்ளோவிஸ் கிட்ரியின் மனைவி. அவர் பிப்ரவரி பதினான்காம் தேதி இறந்தார். இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால், இப்படித் தெரிவிப்பதற்கு வருந்துகிறேன். உங்கள் முகவரி அவருடைய காரில், டயர் கடை ரசீது ஒன்றின் பின்புறம் எழுதியிருந்தது.

விஷயம் அந்தக் காரைப் பற்றியது. அது அவர் பெயரில் பதிவாகியிருக்கிறது. இறந்தவர் பெயரில் இன்சூரன்ஸ் தர மாட்டோம் என்று ஏப்ரலில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கார் கொட்டகையில் நிற்கிறது. நான் தேவாலயத்துக்கும் மளிகைக் கடைக்கும் பக்கத்து வீட்டு எல்மீரின் டிரக்கில் போகிறேன். அவள் ஜன்னலை ஏற்றிவிட்டுப் புகைபிடிப்பவள்.

எங்கள் மாநிலச் சட்டப்படி காரில் பாதிதான் மனைவிக்கு. மறுபாதி அவருடைய பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் அத்தனை பேரும் கையெழுத்திட்டால்தான் பதிவு என் பெயருக்கு மாறும். என் மகன் லூசியன் சம்மதித்துவிட்டான். உங்களைப் பொறுத்தவரை, யாருக்கும் சங்கடம் வராதபடி நானே ஒரு தாள் தட்டச்சு செய்து இணைத்திருக்கிறேன். கோடிட்ட இடத்தில் கையெழுத்திட்டு, தபால்தலை ஒட்டிய உறையில் அனுப்பினால் போதும். மையினால் எழுதவும்.

இப்படிக்கு,
ஒடில் கிட்ரி

*

போர்ட் ஆர்தர், டெக்சஸ்
16 மே

திருமதி கிட்ரி அவர்களுக்கு,

அப்பா இறந்ததை நான் செய்தித்தாளில் பார்த்தேன். 'மனைவியையும் ஒரே மகனையும் விட்டுச் சென்றார்' என்று போட்டிருந்தது. அன்று நான் ஓட்டும் பள்ளிக்கூடப் பஸ்ஸை எடுத்துக்கொண்டு காலை நடை, மாலை நடை இரண்டையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

உங்கள் தாளைப் படித்தேன். 'எர்லின் பெல்லார் ஆகிய எனக்கும் காலஞ்சென்ற க்ளோவிஸ் கிட்ரிக்கும் எந்த உறவும் இல்லை, அவருடைய காரில் எந்த உரிமையும் இல்லை.' இரண்டாவது பாதிக்குக் கையெழுத்துப் போடத் தயார். உங்கள் கார் எனக்கு வேண்டாம். முதல் பாதிக்குப் போட மாட்டேன். என் பிறப்புப் பதிவில் அவர் கையெழுத்து இருக்கிறது.

சரியான பத்திரம் ஒன்று இருக்குமே, பிள்ளைகள் பெயரெல்லாம் எழுதுவது? அதில் என் பெயரை எழுதி அனுப்புங்கள். அன்றே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

எர்லின்

(பென்சிலுக்கு மன்னிக்கவும். பஸ்ஸுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். பேனா எல்லாம் வெயிலில் கசிந்துவிடுகிறது.)

*

அப்வில்
24 மே 1996

திருமதி பெல்லார் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதில் தேதி மட்டும் இருந்தது, வருடம் இல்லை. இருக்கட்டும்.

நீங்கள் சொல்லும் பத்திரம் வாரிசுப் பிரமாணப் பத்திரம். நோட்டரி திரு. மூட்டோனின் மேசையில் அது ஒரு கட்டுக் கிடக்கிறது. அவருடைய அலுவலகம் தேவாலயத்துக்கு நேர் எதிரே. உள்ளே யார் போகிறார்கள், எவ்வளவு நேரம் கழித்து வருகிறார்கள் என்பதை ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். செவ்வாய்க்கிழமை போனேன். 'பிள்ளைகள்' என்ற இடத்தில் லூசியன் பெயரை எழுதச் சொன்னேன். எழுதினார். அப்புறம் பேனாவை மூடினார்.

"மேடம் ஒடில், வலது கையைத் தூக்குங்க. இது முழுக்க உண்மைன்னு சத்தியம் பண்ணணும்."

"எதுக்கு? எழுதினா போதாதா?"

"நான் சீல் குத்தணுமே. சாட்சிக்கு ரெண்டு பேர் வேற நிக்கிறாங்க பாருங்க."

கையைத் தூக்கப் பார்த்தேன். கைப்பை கனமாக இருந்தது என்று அவரிடம் சொன்னேன். அது உண்மையல்ல. எழுபத்து நான்கு வயதில் பொய்ச் சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை. உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. தாளைக் கிழிக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எல்மீர் டிரக்கில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் முப்பதோடு நம்பர் பிளேட்டும் காலாவதியாகிறது. பிறகு அபராதம், பிறகு புதிதாக முதலிலிருந்து எல்லாம். ஆகவே கேட்கிறேன்: க்ளோவிஸின் கைக்கடிகாரத்தை உங்களுக்கு அனுப்புகிறேன். நல்ல கடிகாரம். என் தாளில் 'எந்த உறவும்' என்ற சொற்களை மட்டும் எடுத்துவிடுகிறேன். அந்த இடத்தை அப்படியே காலியாக விட்டுவிடலாம். யாருக்கு என்ன நஷ்டம்?

ஒடில் கிட்ரி

*

போர்ட் ஆர்தர், டெக்சஸ்
31 மே 1996 (வருடம் போட்டுவிட்டேன்)

திருமதி கிட்ரி அவர்களுக்கு,

கடிகாரம் வேண்டாம். காலி இடமும் வேண்டாம். அதில்தான் நாற்பத்தெட்டு வருடமாக இருக்கிறேன்.

நான் ஏன் இப்படி அடம் பிடிக்கிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அப்பா வருடத்துக்கு ஐந்தாறு தடவை இங்கே வருவார். ஒரு தடவைகூட எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. தெருவில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் ஏறிக்கொள்வேன். சாப்பாடும் அங்கேயே, வீட்டுப்பாடமும் அங்கேயே. கல்யாணம் பேசி முடித்ததைக்கூட அந்தக் கார் சீட்டில்தான் அவரிடம் சொன்னேன். அம்மா ஜன்னல் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஏம்ப்பா உள்ள வர மாட்டேங்கிற? எங்க வீடு நாத்தமா அடிக்குது?"

"இல்லடா கண்ணு. முடியாது."

அவ்வளவுதான். அவருக்கு எங்களை நினைத்தால் வெட்கம் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

எனக்கு ஒன்பது வயதில் அம்மாவோடு அப்வில்லுக்கு வந்தேன், பாட்டி சாவுக்கு. துணிக்கடையில் இரண்டு பெண்கள் எங்களைப் பார்த்துப் பேசியது இன்னும் காதில் இருக்கிறது. "இவதான் இனெஸ். கட்டின பொண்டாட்டி இருக்கிற ஆள வளைச்சவ." "குழந்தைய வேற கூட்டிட்டு வந்திருக்கா பாரு, கொஞ்சமும் கூசாம." அம்மா நூல்கண்டுக்குக் காசு கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அதற்கப்புறம் அந்த ஊருக்குப் போகவே இல்லை. 1981-இல் இறந்துபோனாள். அந்தப் பெயரோடுதான் போனாள்.

அவள் செய்ததைச் சரி என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்திருக்கிறேன். ஆனால் நான் பிறந்தது உண்மைதானே.

பள்ளிக்கூடம் விட்டாயிற்று. ஜூன் பதினைந்து, சனிக்கிழமை, நானே அப்வில்லுக்கு வருகிறேன். நீங்கள் சத்தியம் செய்யுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். உங்கள் வீட்டுக்குள் வர மாட்டேன், பயப்பட வேண்டாம். நோட்டரி அலுவலகத்தில் பார்ப்போம்.

எர்லின்

*

அப்வில்
8 ஜூன் 1996

அன்புள்ள எர்லின்,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை ஆரம்பித்துக் கிழித்தேன். இடையிடையே கொட்டகைக்குப் போய் காரைத் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

நேற்று மறுபடி திரு. மூட்டோனிடம் போனேன். இரண்டு பிள்ளைகள் என்று சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அவர் தொழில் அப்படி. "பிறந்த வரிசைப்படி எழுதணும் மேடம். முதல்ல கல்யாணத் தேதி சொல்லுங்க."

"1948, அக்டோபர் 20."

"லூசியன்?"

"1950, ஜூலை 3."

"அந்தப் பொண்ணு? தேதி தெரியலேன்னா விசாரிச்சுக்கலாம்."

"1948, பிப்ரவரி 2."

உங்கள் பிறந்த தேதியை நான் யோசிக்காமலே சொன்னேன். அவர் எழுதினார். பேனா நின்றது. மேலே கல்யாணத் தேதியைப் பார்த்தார், கீழே பார்த்தார். "அப்ப இந்தப் பேர்தான் மேல வரணும்" என்றார். சாட்சியாக நின்ற அவருடைய குமாஸ்தாப் பெண் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வராது.

உங்களுக்குப் புரிந்திருக்கும். உங்கள் அம்மா கட்டின பெண்டாட்டி இருக்கிறவரை வளைக்கவில்லை. அப்போது க்ளோவிஸுக்குப் பெண்டாட்டியே இல்லை. உங்கள் அம்மாதான் முதலில். அவரைத் திருமணம் செய்துகொள்வதாகத்தான் க்ளோவிஸ் இருந்தார். என் அப்பாவின் நெல் வயலும் க்ளோவிஸ் அப்பாவின் நெல் வயலும் ஒரே வாய்க்காலில் இருந்தன. எங்கள் கல்யாணத்தைப் பெரியவர்கள் பேசி முடித்தார்கள்.

எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசை. தெரியும். கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்பு க்ளோவிஸ் எங்கள் சமையலறையில் நின்று சொன்னார்: "ஒடில், எனக்கு ஒரு பெண் குழந்தை இருக்கு. எட்டு மாசம். இப்பவும் நீ வேண்டாம்னு சொன்னா நான் போயிடறேன்." போய்விடு என்று நான் சொல்வேன் என்று அவர் எதிர்பார்த்தது முகத்தில் தெரிந்தது. எனக்கு இருபத்தாறு வயது. அழைப்பிதழ் போய்விட்டது. கான்வென்டில் என்னோடு படித்த எல்லோருக்கும் கல்யாணமாகிவிட்டது. "அந்த வீட்டு வாசப்படியை நீ மிதிக்கக் கூடாது. சிலுவை மேல கை வெச்சு சொல்லு" என்றேன். சொன்னார்.

வாசற்படியை அவர் மிதிக்கவில்லை. காருக்குள் உட்காரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர் எங்கே போய் வருகிறார் என்று எனக்குத் தெரியும், மைல் கணக்கைப் பார்க்கத் தெரியாதவள் அல்ல நான். ஆனால் தெருவிலேயே உட்கார்ந்திருந்தார் என்பது உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்தது. அவருக்கு உங்களை நினைத்து வெட்கம் இல்லை. என்னிடம் கொடுத்த வாக்கு.

ஊர்ப் பெண்கள் தேதி பார்ப்பதில்லை. குழந்தை விஷயம் வெளியே வந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். அவர்களாக ஒரு கதையை முடிவு செய்தார்கள். எல்மீர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ புனிதவதி ஒடில்" என்றாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. தேவாலயப் பீடத்தைப் பராமரிக்கும் பெண்களின் பீடச் சங்கத்துக்கு என்னைத் தலைவியாக்கினார்கள். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். எழுத்தில் ஒரு சிறு பிழை இருந்தாலும் விடாதவள், அதை மட்டும் நாற்பத்தைந்து வருடம் திருத்தவில்லை.

சத்தியம் செய்து கையெழுத்திட்ட பத்திரம் இத்துடன். உங்கள் பெயர் முதலில் இருக்கிறது. லூசியன் ஹூஸ்டனிலிருந்து வந்து அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். "எனக்கு ஒரு அக்கா இருக்காங்கன்னு அப்பா சொல்லியிருக்கார்மா. தேதிதான் தெரியாது" என்றான். சாப்பிடாமல் கிளம்பிவிட்டான்.

சனிக்கிழமை நீங்கள் வரும்போது இதெல்லாம் தெரிந்து வர வேண்டும் என்பதால் முன்னாலேயே அனுப்புகிறேன். வந்தால், வீட்டுக்குள் வாருங்கள்.

ஒடில்

*

போர்ட் ஆர்தர்
13 ஜூன் 1996

திருமதி கிட்ரி அவர்களுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இங்கேயே ஒரு நோட்டரி முன்னால். பத்திரம் இந்த உறையில் இருக்கிறது. இனி உங்கள் வேலை தடையில்லாமல் நடக்கும். ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வரவில்லை.

என் புருஷன் கேட்டார், "அந்தம்மா உண்மைய எழுதிட்டாங்களே, அப்புறமும் என்ன?" அம்மா முப்பத்து மூன்று வருடம் ஜன்னல் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருநாள் நல்ல மழை. அப்பா காருக்குள்ளேயே உட்கார்ந்து ரொட்டி தின்கிறார். "உன் அப்பாகிட்ட இந்த சூப்பயாவது கொண்டு போய்க் குடுடி, ஆறிடும்" என்று அம்மா கிண்ணத்தை நீட்டுகிறாள். எனக்கு அதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. இருபது அடி தூரம்.

நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது என்னிடம் இல்லை. அந்த ஊரிடம்.

கார் உங்களுடையது. ஓட்டுங்கள்.

எர்லின்

*

அப்வில்
2 ஜூலை 1996

அன்புள்ள எர்லின்,

பதிவு என் பெயருக்கு மாறிவிட்டது. நம்பர் பிளேட் வெள்ளிக்கிழமை வந்தது. நானே ஸ்க்ரூ முடுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்மீரை என் காரில் தேவாலயத்துக்கு அழைத்துப் போனேன். இந்த ஊரில் ஒரு செய்தியைப் பத்துப் பேருக்குச் சொல்வதும் எல்மீர் ஒருத்திக்குச் சொல்வதும் ஒன்றுதான். ரயில் பாதையைத் தாண்டியதும் சொன்னேன்.

"எல்மீர், இனெஸ் ட்ராஹான் பத்தி நீங்க எல்லாரும் பேசினது தப்பு."

"எந்த இனெஸ்? அந்த... செத்துப்போனவ பேச்ச ஞாயித்துக்கிழம காலங்காத்தால எதுக்குடி எடுக்கிற?"

"அவ என் புருஷன வளைக்கல. அவகிட்ட இருந்து நான்தான் வாங்கிக்கிட்டேன். குழந்தைக்கு எட்டு மாசம் இருக்கும்போது கல்யாணம் பண்ணினேன். தெரிஞ்சுதான் பண்ணினேன்."

சிகரெட்டை வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது.

"அப்ப நான் உனக்காக அழுதேனே?"

"ஆமா. நான் பாத்துட்டு இருந்தேன்."

"துணிக்கடையில அவள மூஞ்சிக்கு நேரா பேசினதே நான்தான், ஒடில். எங்க பெரியம்மாவும் நானும். அந்தக் குழந்தை முன்னாடி."

"அந்தக் குழந்தைக்கு அது இன்னும் காதுல இருக்கு. எனக்கு எழுதியிருக்கா."

"வண்டிய நிறுத்து."

"தேவாலயம் இன்னும் அரை மைல் இருக்கு."

"நடந்துக்கிறேன். நிறுத்துடி."

அந்த வெயிலில் நடந்துதான் வந்தாள். நான் முன்னால் போய் என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். பூசை முடிவதற்குள் விஷயம் பின்வரிசை வரைக்கும் போய்விட்டது, திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. பீடச் சங்கத்தின் சாவிகளைப் பாதிரியாரிடம் கொடுத்தேன். "இதெல்லாம் எதுக்கு அம்மா?" என்றார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை, வாங்கிக்கொண்டார்.

இதையெல்லாம் நீங்கள் என்னை மெச்ச வேண்டும் என்று எழுதவில்லை. சொல்ல வேண்டியது அந்த ஊரிடம் என்று எழுதியிருந்தீர்கள். சொல்லிவிட்டேன் என்று தெரிவிக்க வேண்டும் அல்லவா? உங்கள் அம்மாவுக்கு இது போய்ச் சேராது. அது எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலையில் காரை எடுத்தேன். மேற்கே திரும்பும் சாலை வரைக்கும் போனேன், அங்கிருந்து உங்கள் ஊர் இரண்டு மணி நேரம். தெருவில் நிறுத்திக் காருக்குள் உட்கார்ந்திருக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. திரும்பிவிட்டேன். மத்தியானம் மறுபடி எடுத்தேன். மறுபடி திரும்பினேன். ஒரு நாற்காலியில் முழுசாகப் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை.

நீங்கள் வரச் சொன்னால் வருவேன். வர வேண்டாம் என்றால், அதை ஒரு அட்டையில் எழுதிப் போடுங்கள். பென்சிலில் எழுதினாலும் சரி.

எங்கள் தெருவுக்குத் தபால் பதினொரு மணிக்கு வரும். இனி அதுவரை நான் காரை வெளியே எடுப்பதில்லை.

ஒடில்