விவசாயி பெயர்

ஜூன் 9

அன்புள்ள உங்களுக்கு,

பாப்பாவும் நானும் நலம். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் சண்டை வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். தொற்று பரவி ஓட்டல்களை மூடியதிலிருந்து காளான் வாங்க ஆளில்லை. பறிக்காமல் விட்டால் மறுநாளே குடை விரிந்து கறுத்துப்போகிறது. குழி வெட்டிக் கொட்டினேன்.

நஷ்டப்பட்ட பண்ணைகளுக்கு அரசாங்கம் நிவாரணம் தருகிறது. பண்ணைப் பதிவு உங்கள் பெயரில் இருப்பதால் ‘விவசாயி பெயர்’ என்ற கட்டத்தில் உங்களைத்தான் எழுதினேன். வங்கியிலிருந்து தகவல் வந்தால் பதற வேண்டாம்.

பாப்பாவின் அம்மா

ஜூன் 24

பாப்பாவின் அம்மாவுக்கு,

பணம் வந்தது. கூடவே ஒரு கடிதமும். ‘பண்ணையில் நானே நேரடியாக உழைக்கிறேன்’ என்று கையெழுத்திட்டு அனுப்ப வேண்டுமாம், அதுவரை பணத்தைத் தொடக் கூடாதாம். நான் வேலை பார்க்கும் பட்டறை முதலாளியிடம் காட்டினேன். “போட்டு அனுப்புப்பா, யாரு வந்து பாக்கப்போறாங்க?” என்றார். பேனாவைத் திறந்தேன், ஓடவில்லை. நாலாவது கொட்டகையில் இப்போது எத்தனை காளான் பை தொங்குகிறது என்றுகூட எனக்குத் தெரியாது. நான் என்ன செய்யட்டும்?

பாப்பாவின் அப்பா

ஜூலை 2

அன்புள்ள உங்களுக்கு,

நிவாரண அலுவலகத்திலிருந்து இங்கே வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். “எத்தனை ஏக்கர்மா?” என்றார் அதிகாரி.

“ஏக்கர் இல்ல சார், நாலு கொட்டகை.”

ஏக்கர் இல்லாத பண்ணையை எங்கே எழுதுவது என்று காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரி, விவசாயி எங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் பாப்பா, “அம்மாதான் சார்” என்றுவிட்டாள்.

“அப்ப இந்தப் பேரு?”

“அது அப்பா. அவரு டவுன்ல இருக்காரு.”

ஏதோ எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். அவள் சொன்னது சரியா தப்பா என்று எனக்கே தெரியவில்லை. கையெழுத்தைப் போட்டு அனுப்புங்கள். காளான் விதை வாங்கக் கையில் ஒன்றுமில்லை. நீங்கள் போன இந்த மூன்று வருஷத்தில் உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

பாப்பாவின் அம்மா

ஜூலை 13

பாப்பாவின் அம்மாவுக்கு,

கையெழுத்துப் போடவில்லை. கோபப்படாமல் மேலே படி.

பண்ணை நடத்துவது நீதான் என்று அலுவலகத்துக்கு எழுதி, பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பதிவையும் உன் பெயருக்கு மாற்றிவிட்டேன். காகிதம் இத்துடன் இருக்கிறது. புதிதாக விண்ணப்பம் போடு, கிடைக்கும் என்றார்கள்.

அந்தக் கொட்டகைகள் ஒரு வருஷம்கூடத் தாங்காது, விற்றுவிடலாம் என்று சண்டை போட்டுக் கிளம்பியவன் நான். அவை நிற்கின்றன. என்னுடையது என்று எந்த வாயால் சொல்ல?

பாப்பாவின் அப்பா

ஆகஸ்ட் 19

அன்புள்ள உங்களுக்கு,

பணம் என் பெயருக்கே வந்துவிட்டது. விதை வாங்கிப் பைகள் கட்டிவிட்டேன். சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போதெல்லாம் குழம்பிப்போகிறேன். எனக்கென்று கொடுத்தீர்களா, இல்லை ஒரேயடியாகக் கைகழுவிவிட்டீர்களா?

அலுவலகத்தில் இன்னொரு தாள் தந்திருக்கிறார்கள். ‘பண்ணையில் உடன் உழைக்கும் குடும்பத்தினர்’ என்று ஒரு கட்டம். காலியாக விட்டேன். அதிகாரி திருப்பிக் கொடுத்துவிட்டார். “காலியா விடக்கூடாதும்மா. பேரு எழுதுங்க, இல்லன்னா ‘யாரும் இல்லை’ன்னு எழுதுங்க” என்றார். மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். என்ன எழுத? ஒரு வரி பதில் போதும்.

பாப்பாவின் அம்மா

செப்டம்பர் 1

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று சாயங்காலம் தபால்காரர் தெருவைத் தாண்டும்வரை உங்கள் பதிலுக்காகக் காத்திருந்தேன். பிறகு அலுவலகம் மூடுவதற்குள் ஓடிப்போய்த் தாளைக் கொடுத்தேன்.

‘யாரும் இல்லை’ என்றுதான் எழுதினேன். எழுதத் தயங்குவேன் என்று நினைத்தேன். தயங்கவில்லை. ஏன் என்றுதான் இன்னும் புரியவில்லை.

முதல் கொட்டகையில் மொட்டு விட்டிருக்கிறது. பாப்பா உங்களைக் கேட்டாள். நேரம் கிடைத்தால் அவளுக்கு எழுதுங்கள்.

பாப்பாவின் அம்மா