பிஜூ போகும் முதல் போட்டி

பங்கஜம்,

லாரிக்காரர் விடாமல் ஹார்ன் அடிக்கிறார். பிஜூ மிரண்டுபோய் லாயக் கதவை உதைக்கிறது. நீ அம்பகரத்தூர் கோயிலிலிருந்து வரும்வரை காத்திருக்க முடியாது.

சாவி எதிர்வீட்டு மாமியிடம். பால் காய்ச்சி மூடியிருக்கிறேன். கோட்டுச்சேரியிலிருந்து உன் அண்ணன் வைக்கோல் கொண்டுவந்தால் சாப்பிடாமல் அனுப்பாதே.

நாளைக் காலை புதுச்சேரியில் போட்டி. நீ நினைப்பதுபோல் ரேஸ் இல்லை, தாண்டலும் இல்லை. மைதானத்தைச் சுற்றி நட்ட எழுத்துப் பலகைகளுக்கு நடுவே குதிரை சொன்னபடி நடந்து, திரும்பி, அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பிரெஞ்சுத் துரை தன் ஊருக்குக் கப்பலேறும்போது நம்மிடம் விட்டுப்போன இந்தக் குதிரைக்கும் எனக்கும் இதுதான் முதல் தடவை.

போன மாதம் பழகும்போது நான் விழுந்து தோள் பிசகியதிலிருந்து நீ என்னோடு பேசுவதில்லை. "பிஜூ, ஐயாவுக்கு இலை போட்டாச்சுன்னு சொல்லு" என்று குதிரையிடம்தான் சொல்கிறாய். நானும் வீம்பாக அதனிடமே பதில் சொன்னேன். இப்போது பேச்சுக் குரல் கேட்காமல் அது ஓர் அடி எடுத்து வைப்பதில்லை. போட்டியிலோ குதிரையோடு பேசினால் மார்க் குறைப்பார்கள்.

ஜெயிப்பேனா தோற்பேனா என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. மனசு மரத்துக் கிடக்கிறது.

சோமசேகரன்

பி.கு. தோளுக்கு நீ காய்ச்சிய எண்ணெயை எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்று. நேற்று சாயங்காலம் நீ பிஜூவுக்குக் கொள்ளு வைத்தபோது கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். நீ சொன்னது காதில் விழுந்தது: "அவங்களைக் கீழ தள்ளிப்புடாதடா பிஜூ. அவங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?"