முதல் சாட்சி

ஜூலை 1, செவ்வாய்

காலையிலேயே வெயில். கும்மிடிப்பூண்டியில் வண்டி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தும் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

மனநல ஆஸ்பத்திரியில் காவல் வார்டு கேட்டில் இன்று பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். புது உத்தரவு. பேண்ட், என் மனைவி எஸ்தர் இருந்தபோது எடுத்தது. அப்போது எனக்குத் தொப்பை இருந்தது. பார்க்க வருகிறவர்களின் மனுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட ஒரு கை, இட்லிப் பொட்டலத்துக்கு ஒரு கை. பேண்டுக்குக் கை இல்லை. இறங்கிவிட்டது. முழுசாக இல்லை, பாதி. பின்னால் வரிசையில் இரண்டு பெண்கள், ஒரு பாதிரியார்.

கேட் போலீஸ்காரர் சொன்னார்: "பெருசு, மொதல்ல மானத்தப் புடி. அப்பால கையெழுத்துப் போடு."

உறவு என்ற கட்டத்தில் அப்பா என்று எழுதினேன். எஸ்தரும் என்னை டேவிட் நைனா என்றுதான் கூப்பிடுவாள். கேஸில் புகார் கொடுத்ததும் நீதானே என்றார் போலீஸ்காரர். ஆமாம். முதல் சாட்சியும் நான்தான் என்றேன். ஏதோ பதவி மாதிரி.

உள்ளே கொண்டுபோகக் கூடாதவை: பெல்ட், சாவி, பேனா, செல்போன், எவர்சில்வர் டப்பா, தீப்பெட்டி, பீடி. கொண்டுபோகலாம்: சாப்பாடு. அதுவும் போலீஸ்காரர் எதிரில் நான் ஒன்று தின்று காட்டிய பிறகு. ஆறு இட்லி வாங்கினால் மகன் டேவிட்டுக்கு ஐந்து.

பேண்டைப் பிடித்துக்கொண்டு நான் நடந்து வந்ததைப் பார்த்து டேவிட் சிரித்தான். இரண்டு வருஷத்தில் முதல் தரம். பெற்ற மகன் சிரித்தால் சந்தோஷம் வர வேண்டும். எரிச்சல்தான் வந்தது. இவன் எப்படிச் சிரிக்கலாம்.

எஸ்தர் போய் இரண்டு வருஷம் என்று ஊரில் சொல்கிறேன். போகவில்லை. அம்மா சோற்றில் எதையோ கலக்கிறாள் என்று இவன்தான் வெட்டினான். எழுதிப் பார்த்தால்தான் எனக்கே நம்பிக்கை வருகிறது.

டாக்டரம்மா: மாத்திரை நன்றாக வேலை செய்கிறது, ஞாபகம் ஒவ்வொன்றாகத் திரும்புகிறது. ரொம்ப சந்தோஷம் மேடம் என்றேன். இன்னும் எது பாக்கி என்று கேட்டேன்.

ஜூலை 2, புதன்

முதல் ஷிப்டு. இரும்பு மில்லில் இப்போது கம்பிக் கட்டுக்கு அட்டை மாட்டும் வேலை. முன்பு கிரேன். கை நடுங்குகிறது என்று சூப்பர்வைசர் இறக்கிவிட்டான். நடுங்குவது உண்மை. அவனைப் பார்த்தால் கொஞ்சம் அதிகமாக.

வாங்க: சோப்பு, ரசப்பொடி, ஷேவிங் பிளேடு.

சாப்பாட்டு நேரத்தில் வக்கீலுக்கு போன். ஒன்பதாவது வரை படித்தவனுக்குப் புரிந்தது இவ்வளவு. டேவிட்டுக்குப் புத்தி தெளிந்தது என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தால், நின்றுபோன கொலைக் கேஸ் திரும்ப ஓடும். முதல் ஆளாக நான் கூண்டில் ஏற வேண்டும். தெளியவில்லை என்று எழுதினால் அவன் அந்தக் கம்பிக்குள்ளேயே. எவ்வளவு நாள்? அதற்குக் கணக்கில்லை என்றார்.

எது நல்லது என்று கேட்டேன். யாருக்கு என்றார். போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

புழுக்கம். மேகம் வந்து, வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது.

மகள் ஜான்சி புதுவாயலிலிருந்து வந்தாள், எறா வாங்கிக்கொண்டு. செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு ஓ.டி. என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். என் சட்டைகளை ஊற வைக்கப் போனவள் பையில் இருந்த ஆஸ்பத்திரி மனுச் சீட்டோடு திரும்பி வந்தாள்.

"இதான் ஓ.டி.யா நைனா? நல்லா கீது உன் கம்பெனி."

பொய் சொல்வதில் எனக்கு இன்னும் பயிற்சி பத்தாது. கேட்டரிங் வேலை மாதிரி, இட்லி கொடுத்துவிட்டு வந்துவிடுவேன் என்று என்னவோ உளறினேன். அவள் சிரிக்கவில்லை. எறாவை உரித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"அவன் மூஞ்சப் பாக்க உனுக்கு எப்டிதான் மனசு வர்தோ. நீ மட்டும் அன்னிக்கு ஊட்ல இருந்திருந்தா அம்மா இருந்திருக்கும். அத்த நெனச்சி நெனச்சி நீ சாவறது எனுக்குத் தெரியும். அதுக்கோசரம்தான் உன்ன வுட்டு வெச்சிகீறேன்."

சாப்பிடும்போது தொக்கு பிரமாதம் என்றேன். உப்பே போடவில்லை அவள்.

ஜூலை 8, செவ்வாய்

கைலி கட்டிக்கொண்டு போனேன். பெல்ட்டுப் பிரச்சினை தீர்ந்தது. போலீஸ்காரருக்குத்தான் ஏமாற்றம்.

டேவிட் இட்லியைப் பிரிக்கவில்லை. கம்பிக்குக் கிட்டே வந்தான்.

"நைனா, அன்னிக்கு நீ ஊட்லதான இருந்த."

இட்லி ஆறுகிறது என்றேன்.

"நீ துன்னுகினு இருந்த. நான் அம்மாவாண்ட போனேன். நீ எழுந்து ஓடிட்ட. கதவு வெளிய தாப்பா போட்ருந்துச்சு. அப்பால நான் இழுத்துப் பாத்தேன், வர்ல. டாக்டரம்மாவாண்ட சொல்லிட்டேன்."

குரல் உயரவே இல்லை. ரேஷன் கடையில் என்ன சரக்கு வந்திருக்கிறது என்று சொல்கிற மாதிரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கத்துடா, பழைய மாதிரி கத்து என்றேன்.

"கத்துனா ஊசி நைனா. இங்க கோவம் வந்தா வியாதி. உங்க பக்கம்தான் அதுக்குப் பேரு கோவம்."

கோர்ட்டுக்குப் போக வேண்டுமாம் அவனுக்கு. ஜெயில் என்றால் ஒரு தேதி இருக்கும், இங்கே தேதியே இல்லை என்றான்.

மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டேன். வார்டர் காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று அவனுக்குப் புரிந்தது. இட்லியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

ஜூலை 9, புதன்

லீவு. காரணம்: வயிற்றுப்போக்கு. வெயில் மண்டையைப் பிளக்கிறது.

எழுதிவிடுகிறேன். டேவிட் சொன்னது சரி. அன்று ஷிப்டு மதியம் 2 மணிக்கு முடிந்தது. வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்திருந்தேன். அவன் அரிவாள்மணையோடு எழுந்தான். நான் ஓடினேன். ஓடுகிறவன் சும்மா ஓடவில்லை, கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஓடினேன். பின்னாலேயே என்னைத் துரத்தி வருவான் என்று. எஸ்தர் உள்ளே.

டீக்கடை வரை போய் ஆள் கூட்டி வந்தேன். நான்தான் முன்னால் ஓடி வந்து தாழ்ப்பாளைத் திறந்தேன். யாரும் கவனிக்கவில்லை. கம்பெனிச் சட்டையில் இருந்தேன். இப்போதுதான் வேலையிலிருந்து வருகிறேன் என்று அவர்களே நினைத்துக்கொண்டார்கள். ஸ்டேஷனில் ஷிப்டு முடிந்து வந்தேன் என்றேன். வந்து பார்த்தபோது என்று எழுதிக்கொண்டார்கள். படித்துக் காட்டினார்கள். திருத்தவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

அன்றிலிருந்து டீக்கடையில் எனக்கு மட்டும் சர்க்கரை தூக்கல். பாவமாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன். வெள்ளி 11 மணிக்கு வரச் சொன்னார்கள். டேவிட் சொல்லும் ஒரு விஷயத்தை என்னிடம் சரிபார்க்க வேண்டுமாம்.

உண்மை சொன்னால்: பொய்ப் புகார் கொடுத்தவன் ஆவேன். ஊர் காறித் துப்பும். ஜான்சி. முதல் இரண்டையும் தாங்கிக்கொள்வேன்.

பொய் சொன்னால் டேவிட்டுக்கு இன்னும் தெளியவில்லை என்று எழுதுவார்கள். தேதி கிடைக்காது. கிடைக்காவிட்டால் என்ன. எஸ்தருக்குத் தேதி சொல்லிவிட்டா செய்தான்.

ஜூலை 11, வெள்ளி

தூறல். குடையைக் கேட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். முனை கூர்மையாம். என் குடையில் கூர்மையான ஒரே இடம் அது மடங்கும்போது என் விரலைக் கடிக்கும் இடம்தான். விளக்கவில்லை.

டாக்டரம்மா மேஜை மேல் ஃபைல். எதிரில் நான். பக்கத்து நாற்காலியில் டேவிட், அவன் பின்னால் ஒரு போலீஸ்காரர். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: எல்லாவற்றிலும் தெளிவாக இருக்கிறான். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும், அப்பா வீட்டில் இருந்தார், பூட்டிவிட்டு ஓடினார் என்கிறான். ஃபைலில் அப்படி இல்லை. இது பழைய சந்தேக வியாதியின் மிச்சமா என்று தெரிந்தால்தான் சான்றிதழில் கையெழுத்துப் போட முடியும்.

"சொல்லுங்கப்பா. அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"ஷிப்டுல மேடம்."

டாக்டரம்மாவுக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். இரண்டாவது தரம் நன்றாக வந்தது.

டேவிட் என்னைப் பார்த்தான். கத்துவான் என்று காத்திருந்தேன். காத்திருந்தேனா, கத்த வேண்டும் என்று ஜெபம் பண்ணினேன். கத்தினால் அவன் பைத்தியம், நான் பாவப்பட்ட அப்பன், எல்லாம் பழையபடி.

அவன் இரண்டு கையையும் தொடை மேல் வைத்துக்கொண்டான்.

"நைனா சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம். எனுக்கு அப்போ புத்தி சரியில்ல. எதனா தோணிருக்கும்."

டாக்டரம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ரொம்ப நேரம் எழுதினார். தான் நினைத்தது தப்பு என்று தானே ஒத்துக்கொள்வது பெரிய முன்னேற்றமாம். சான்றிதழ் போய்விடும், கோர்ட்டில் தேதி வந்துவிடும் என்றார். நீங்கள் விடாமல் வந்து பார்த்ததும் ஒரு காரணம் என்று என்னையும் பாராட்டினார். கும்பிட்டேன்.

வராந்தாவில் போலீஸ்காரர் ரிஜிஸ்டரில் எழுதக் குனிந்தபோது டேவிட் என் பக்கம் சாய்ந்தான்.

"கோர்ட்லயும் இத்தயே சொல்லு. மாத்திடாத. மாத்துனா சர்டிபிகேட்டு செல்லாதுன்னு என்ன திரும்ப இங்க கொண்டாந்துடுவாங்க."

சரி என்றேன்.

"ஒண்ணு மட்டும் எனுக்கு நெனப்பு வர்ல நைனா. அப்போ காதுல ஒரே எரைச்சல். அம்மா கதவாண்ட ஓடுச்சி. வாயி அசைஞ்சது தெரிது. இன்னா சொல்லுச்சின்னு தெரில. உனுக்குக் கேட்டுச்சா?"

கேட்கவில்லை என்றேன். ஷிப்டில் இருந்தவனுக்கு எப்படிக் கேட்கும்.

கேட்டது. என் கை தாழ்ப்பாளில் இருந்தபோதே கேட்டது. மூன்று தரம். "டேவிட் நைனா, தொற. நான் உள்ள கீறேன்."